கவுன்ட்டரில் போடும் ஒரு டிக்: தடை ஆணையும் துப்பாக்கிக் கடையும்

நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணை நடப்பில் இருக்கும்போது அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கினாலோ வாங்கப் போனாலோ என்ன ஆகும் என்று கேட்டுப் பல கடிதங்கள். எழுதியவர்களில் ஆணைக்கு உள்ளானவர்கள் உண்டு, ஆணை வாங்கியவர்கள் உண்டு, நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன் தம்பிகளும் உண்டு. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்துப் பதில் தருகிறோம். ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர், புரொடெக்டிவ் ஆர்டர் என்று மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறுவதையெல்லாம் இங்கே 'ஆணை' என்றே சொல்கிறோம்.

டல்லாஸ் வாசகர்: என் தம்பிக்கு விவாகரத்து வழக்கு நடக்கிறது. அவன் மனைவி கேட்டு, டெக்சாஸ் நீதிமன்றம் இரண்டு வருட ஆணை போட்டிருக்கிறது. "அவள் பக்கம் போகக்கூடாது, மிரட்டக்கூடாது என்றுதானே இருக்கிறது? துப்பாக்கி வாங்குவது என் உரிமை" என்கிறான். வாங்கினால் என்ன ஆகும்?

ஆணையில் 'துப்பாக்கி' என்ற சொல்லே இல்லாவிட்டாலும் அவர் வாங்க முடியாது. தம்பிக்கு இது புரியவில்லை என்று தெரிகிறது. தடையை விதிப்பது டெக்சாஸ் நீதிபதி மட்டுமல்ல. 1994-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சேர்த்த ஃபெடரல் (மத்திய அரசின்) சட்டப் பிரிவு 922(ஜி)(8) தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அது மூன்றைப் பார்க்கிறது. முதலாவது, முறையான நோட்டீஸ் கொடுத்து, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கொடுத்து, விசாரணைக்குப் பிறகு போட்ட ஆணையா? இரண்டாவது, துணையையோ பிள்ளையையோ துன்புறுத்தக் கூடாது, பின்தொடரக் கூடாது, மிரட்டக் கூடாது என்று தடுக்கிறதா? மூன்றாவது, 'இவரால் அவர்கள் உயிருக்கோ உடலுக்கோ உண்மையான ஆபத்து இருக்கிறது' என்று நீதிபதி பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது உடல் பலத்தைப் பயன்படுத்துவதை, பயன்படுத்த முயல்வதை, பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதை ஆணை வெளிப்படையாகத் தடுத்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் துப்பாக்கியும் ஆகாது, தோட்டாவும் ஆகாது. மேசை இழுப்பறையில் மறந்து கிடக்கும் ஒரு பெட்டித் தோட்டாவே வழக்குக்குப் போதும்.

தண்டனை 15 ஆண்டு வரை. 2022 ஜூன் 25-க்கு முன் இது 10 ஆண்டாக இருந்தது. அபராதம் 2,50,000 டாலர் வரை. டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் இதே செயல் 'ஏ' வகுப்பு மிஸ்டிமீனர்தான், அதாவது சிறு குற்றம்தான்: ஓராண்டு வரை உள்ளூர்ச் சிறை, 4,000 டாலர் வரை அபராதம். 'ஓராண்டுதானே' என்று யாராவது தேற்றினால் நம்பவேண்டாம். மாநிலமும் ஃபெடரல் அரசும் தனித்தனி அதிகாரங்கள். ஒரே துப்பாக்கிக்கு இரண்டும் தனித்தனியே வழக்குப் போடலாம் என்று 2019-இல் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதுவும் ஒரே துப்பாக்கியை வைத்திருந்தவரின் வழக்குத்தான்.

"அந்தச் சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டார்களே" என்றும் உங்கள் தம்பி சொல்லக்கூடும். பாதி உண்மை. டெக்சாஸின் ஆர்லிங்டனைச் சேர்ந்த ஸேக்கி ரஹிமி மீது, அவருடைய குழந்தையின் தாயைத் தாக்கிய நிகழ்ச்சியைத் தொடர்ந்து, 2020 பிப்ரவரியில் இரண்டாண்டு ஆணை போட்டார்கள். அவரும் அதற்கு ஒப்புக்கொண்டார். பிறகு 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் ஐந்து துப்பாக்கிச் சூட்டு நிகழ்ச்சிகளில் அவர் பெயர் அடிபட்டது. நண்பரின் கிரெடிட் கார்டை ஏற்கவில்லை என்று ஒரு பர்கர் கடையில் வானத்தை நோக்கிச் சுட்டது அவற்றில் ஒன்று. வீட்டைச் சோதித்தபோது ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள், தோட்டாக்கள், கூடவே அந்த ஆணையின் நகலும் கிடைத்தன. 73 மாதச் சிறை. துப்பாக்கிச் சட்டங்கள் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் புருயன் தீர்ப்பு வந்ததும், 'வரலாற்று மரபில் இப்படியொரு தடை கிடையாது' என்று ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் தண்டனையை ரத்து செய்தது. உங்கள் தம்பியின் காதில் விழுந்தது அந்தச் செய்தி. 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை 8-க்கு 1 என்று புரட்டிப் போட்டது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தீர்ப்பு எழுத, நீதிபதி தாமஸ் மட்டும் மாறுபட்டார். ஆபத்தானவர் என்று நீதிமன்றமே முடிவு செய்த ஒருவரின் ஆயுதத்தைத் தற்காலிகமாக விலக்கி வைப்பது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்பது முடிவு. 'ஆபத்து உண்டு' என்ற பதிவு உள்ள ஆணைகளைப் பற்றித்தான் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. அந்தப் பதிவு இல்லாமல் 'பலம் பிரயோகிக்கக் கூடாது' என்று மட்டும் உள்ள ஆணைகளை வைத்து வக்கீல்கள் இன்னும் வாதாடலாம். ஆனால் வழக்கு நடத்தும் வாதம் வேறு, கடைக்குப் போகும் துணிச்சல் வேறு.

அட்லாண்டா வாசகர்: சம்மன் வந்தது. வேலை நெருக்கடியில் வாய்தாவுக்குப் போகவில்லை. நான் இல்லாமலே ஆணை போட்டுவிட்டார்கள். விசாரணையே நடக்காத ஆணை என்னைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தும். சட்டம் கேட்பது 'கலந்துகொள்ள வாய்ப்பு இருந்ததா' என்றுதான். சம்மன் உங்கள் கையில் வந்து சேர்ந்ததும் அந்த வாய்ப்பு கொடுத்ததாகிவிட்டது. 'சமரசமாகக் கையெழுத்துப் போட்ட ஆணைதானே' என்பதும் எடுபடாது. ரஹிமியின் ஆணையும் அப்படி வந்ததுதான்.

எதிர்த் தரப்பைக் கேட்காமல் அவசரத்துக்குப் போடும் தற்காலிக ஆணை வேறு. நோட்டீஸும் விசாரணையும் இல்லாததால் அது ஃபெடரல் பிரிவுக்குள் வராது. ஆனால் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அந்தத் தற்காலிக ஆணை கையில் கிடைத்த நிமிடத்திலிருந்தே மாநிலச் சட்டத் தடை தொடங்கிவிடும். முதல் பக்கத் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். 'ஆயுதம்' என்ற தலைப்பின் கீழே நீதிபதி எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

சார்லட் வாசகர்: கடையில் படிவத்தில் 'ஆணை எதுவும் இல்லை' என்று டிக் செய்தேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு விற்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கி என் கைக்கே வரவில்லையே, இதில் குற்றம் எங்கே?

குற்றம் அந்த டிக்கில் இருக்கிறது. துப்பாக்கி கைக்கு வந்ததா இல்லையா என்பது இரண்டாவது பிரச்சினை.

லைசென்ஸ் உள்ள எந்த டீலரிடம் வாங்கினாலும் துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் 4473 படிவத்தை வாங்குபவர் தன் கையால் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். 'உங்கள் பிள்ளையை, துணையை அல்லது துணையின் பிள்ளையைத் துன்புறுத்தவோ, பின்தொடரவோ, மிரட்டவோ கூடாது என்று தடுக்கும் நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டவரா' என்பது அதில் தனிக் கேள்வி. 'ஆம்' என்று உண்மையைச் சொன்னால் கடைக்காரர் அத்தோடு நிறுத்திவிடுவார். 'இல்லை' என்று பொய் சொன்னால், வாங்கினாலும் வாங்க முயன்றாலும், பிரிவு 922(ஏ)(6)-இன்படி 10 ஆண்டு வரை சிறை. டீலரின் பதிவேட்டில் பொய் சேர்த்ததற்கு இன்னொரு பிரிவில் 5 ஆண்டு வரை. துப்பாக்கியும் கைக்கு வந்திருந்தால் அதற்கு மேல் அந்த 15. ஒரு கடை, ஒரு மதியம், மூன்று குற்றச்சாட்டு.

இது தாளில் மட்டும் இருக்கும் பிரிவு அல்ல. ஹன்டர் பைடன் 2018 அக்டோபரில் டெலவேரில் ஒரு கோல்ட் கோப்ரா ரிவால்வர் வாங்கி 11 நாள் வைத்திருந்தார். அவர் பொய் சொன்னது போதைப் பழக்கக் கேள்வியில், ஆணைக் கேள்வியில் அல்ல. ஆனால் குற்றச்சாட்டுகளின் அமைப்பு இதேதான்: டீலரிடம் பொய், பதிவேட்டில் பொய், தடை இருந்தும் வைத்திருந்தது. 2024 ஜூன் 11 அன்று ஜூரி மூன்றிலும் குற்றவாளி என்றது. டிசம்பர் 1 அன்று, அப்போது ஜனாதிபதியாக இருந்த தந்தையே மன்னித்துவிட்டார். நம் வாசகர்களில் எவருக்கும் அந்த வசதி இருப்பதாகத் தெரியவில்லை.

மறுத்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வாங்குபவரின் பின்னணியைப் பார்க்கும் 'நிக்ஸ்' என்ற கணினிச் சோதனையை எஃப்.பி.ஐ. 1998 நவம்பர் 30 முதல் நடத்துகிறது. வாங்க முயன்று மறுக்கப்பட்டவர்களில் ஃபெடரல் நீதிமன்றம் வரை போனவர்கள் மிகக் குறைவாகவே இருந்தார்கள். நாடாளுமன்றத்துக்காகக் கணக்குத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. அலுவலகம் 2018-இல் தந்த கணக்குப்படி, 2017 நிதியாண்டில் ஃபெடரல் சோதனையில் சுமார் 1,12,000 மறுப்புகள். ஏ.டி.எஃப். தன் களப் பிரிவுகளுக்கு விசாரிக்க அனுப்பியவை சுமார் 12,700. 2018 ஜூன் வரை ஃபெடரல் வக்கீல்கள் வழக்காக்கியவை 12. இதைப் படித்துவிட்டு யாரும் தைரியம் கொள்ளவேண்டாம். 2022 அக்டோபர் முதல், மறுப்பு நடந்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறைக்குத் தகவல் போகவேண்டும் என்பது சட்டம். உங்கள் மனைவியின் வழக்கைக் கையாளும் அதே ஊர் போலீசுக்கு, ஆணை இருக்கும்போதே துப்பாக்கி வாங்கப் போனீர்கள் என்ற செய்தி மறுநாள் மேசையில் கிடக்கும். குடும்ப நீதிமன்றத்தில் குழந்தை யாரிடம் இருக்கவேண்டும் என்ற வாய்தாவில் அது எப்படி எடுத்துவைக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அதே கடைக்கோ வேறு கடைக்கோ போகாதீர்கள். ஏ.டி.எஃப். அதிகாரியோ போலீசோ கதவைத் தட்டினால் பெயரைச் சொல்லுங்கள், 'வக்கீலோடு பேசுகிறேன்' என்று சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 'கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை' என்று வாசலில் நின்று சொல்லும் ஒரு வாக்கியம், நீங்கள் கேள்வியைப் படித்தீர்கள் என்பதற்கே சாட்சியாகிவிடுவது உண்டு.

டென்வரிலிருந்து ஒருவர்: மூன்று நாளாகப் பதில் வரவில்லை என்று கடைக்காரரே கொடுத்துவிட்டார். அரசு தடுக்காததால் அனுமதி என்றுதானே பொருள்?

இல்லை. நிக்ஸ் மூன்றில் ஒரு பதில் சொல்லும்: விற்கலாம், தாமதம், மறுப்பு. 'தாமதம்' என்று வந்து மூன்று வேலை நாள் கழிந்தும் முடிவு வராவிட்டால் டீலர் விற்கலாம் என்று ஃபெடரல் சட்டம் விடுகிறது. 21 வயதுக்குக் கீழ் என்றால் அது 10 வேலை நாள் வரை நீளலாம். அது டீலருக்கு உள்ள பாதுகாப்பு, உங்களுக்கு உள்ளது அல்ல. சில மாநிலங்கள் இந்த வழியையே அடைத்திருக்கின்றன, உங்கள் கொலராடோவும் அவற்றில் ஒன்று. ஆணையின் விவரங்கள் மாநிலப் பதிவிலிருந்து தேசியப் பதிவுக்கு ஏறும்போது ஒரு கட்டம் காலியாக விடுபட்டாலும் தாமதம்தான் வரும். பிறகு மறுப்பு வந்ததும் துப்பாக்கியைத் திரும்பப் பெற ஏ.டி.எஃப். ஆளை அனுப்பும். அப்போது உங்களிடம் இருப்பது தடை செய்யப்பட்டவரின் கையில் உள்ள துப்பாக்கி.

இன்னொரு கண்ணி: படிவம் நிரப்பிய நாளில் அல்லாமல் வேறு நாளில் துப்பாக்கியை எடுக்க வந்தால், 'என் பதில்கள் இன்றும் உண்மை' என்று மறுபடி கையெழுத்திட வேண்டும். திங்கள்கிழமை ஆணை இல்லை, புதன்கிழமை வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை எடுக்கப் போனீர்கள் என்றால், திங்கள்கிழமை உண்மையாக இருந்த பதில் வெள்ளிக்கிழமை பொய்.

ஹூஸ்டன் வாசகி: என் அண்ணன் மேல் ஆணை இருக்கிறது. "உன் பெயரில் வாங்கிக் கொடும்மா, பணம் நான் தருகிறேன்" என்று நச்சரிக்கிறார். என் பெயரில் எந்தக் கேஸும் இல்லை. வாங்கித் தரலாமா?

கூடாது அம்மா. நம் ஊரில் பினாமி என்போமே, அதுதான் இது. 4473 படிவத்தில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்ற கேள்வியும் உண்டு. அண்ணன் பணத்தில் அண்ணனுக்காக வாங்கிக்கொண்டு 'ஆம்' என்றால் பொய். ஏப்ராம்ஸ்கி வழக்கில், முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் தன் மாமாவுக்காக ஒரு கிளாக் 19 வாங்கினார். அந்த மாமா எந்தத் தடையும் இல்லாதவர். அப்படியிருந்தும் குற்றம் குற்றமே என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னது. உங்கள் அண்ணனோ தடை உள்ளவர்.

2022-இல் பினாமிக் கொள்முதலுக்கென்றே பிரிவு 932 வந்தது. 15 ஆண்டு வரை, அந்தத் துப்பாக்கி இன்னொரு பெருங்குற்றத்துக்குப் போகும் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் 25 ஆண்டு வரை. தடை உள்ளவர் என்று தெரிந்து கொடுத்ததற்கு 922(டி)-யில் தனியாக 15. அண்ணன் மேல் ஒரு வழக்கு என்றால் உங்கள் மேல் இரண்டு. "மறந்துபோய் என் வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன், அவர் எடுத்துக்கொண்டார்" என்பதும் வேலைக்கு ஆகாது. சாவி யாரிடம், தோட்டா யார் கார்டில் வாங்கியது, வாட்ஸ்அப்பில் என்ன பேசினீர்கள் என்றுதான் விசாரணை போகும்.

ஃப்ரீமான்ட் வாசகர்: தற்காலிக ஆணை வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டில் முன்பே வாங்கிய இரண்டு துப்பாக்கிகள். தம்பி வீட்டில் கொடுத்து வைத்தால் போதுமா?

கலிஃபோர்னியாவில் போதாது. வீட்டு வன்முறை ஆணை உங்கள் கையில் கொடுக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது லைசென்ஸ் உள்ள டீலரிடம் விற்கவோ வைக்கவோ வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ரசீது நீதிமன்றத்தில் இருக்கவேண்டும். அதற்கான படிவம் டிவி-800. ஆணை கொண்டுவந்த போலீஸ் அங்கேயே கேட்டால் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். கொண்டுபோய்க் கொடுப்பதானால் முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து எப்போது, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். கையில் துப்பாக்கியோடு வரவேற்பறையில் போய் நிற்பது நல்ல யோசனை அல்ல. ரசீதில் ஒவ்வொரு துப்பாக்கியின் சீரியல் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு எண் தவறினால், ஒரு துப்பாக்கி உங்களிடம் இன்னும் இருப்பதாகத்தான் கோப்பு சொல்லும்.

தடை உள்ளவர் தன் பழைய துப்பாக்கிகளை மூன்றாம் ஆளுக்கு மாற்றலாம், ஆனால் அந்த ஆள் மீது அவருக்குப் பிடி இருக்கக்கூடாது என்று ஹென்டர்சன் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அது ஃபெடரல் சட்டத்தின் அளவு. உங்கள் மாநிலம் அதைவிடக் கறார்.

இன்னொன்றும் இங்கே கவனியுங்கள். கலிஃபோர்னியாவில் புதிதாக வாங்குவது, பழையதை வைத்திருப்பதைவிடப் பெரிய குற்றம். குற்றவியல் சட்டப் பிரிவு 29825-இன்படி ஆணை இருக்கும்போது வைத்திருந்தால் ஓராண்டு வரை கவுன்டி ஜெயில். வாங்கினாலோ வாங்க முயன்றாலோ அரசு வக்கீல் விரும்பினால் ஃபெலனியாக, அதாவது பெருங்குற்றமாகக் கொண்டுபோய் மாநிலச் சிறைக்கே அனுப்பலாம். தெரியாமல் தங்கிப்போன துப்பாக்கிக்கும் தேடிப்போய் வாங்கிய துப்பாக்கிக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்கிறது. நியாயமான வித்தியாசம்தான்.

சியாட்டில் வாசகர்: நான் எச்-1பி-யில் இருக்கிறேன். ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியில் சுடுவது கூடத் தப்பா? ஆணை இருந்தால் விசாவுக்கு என்ன ஆகும்?

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு ஆணை இல்லாமலே தடை உண்டு. நடப்பிலுள்ள வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இருந்தால்தான் தொடலாம். கிரீன் கார்டு உள்ளவர் இந்தத் தடையில் வரமாட்டார். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் சட்டத்தின் கண்ணில் 'வைத்திருத்தல்' தான். ஃப்ளோரிடாவில் பல்கலைக்கழகம் நீக்கியதால் மாணவர் விசா நிலையை இழந்த ரெஹைஃப் என்பவர் ரேஞ்சில் சுட்டதற்காகவே வழக்கில் மாட்டினார். துப்பாக்கி வைத்திருந்தது தெரியும் என்று காட்டினால் போதாது, தான் தடைக்குரிய வகையைச் சேர்ந்தவர் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்கவேண்டும் என 2019-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் சொன்னது. ஆணை வழக்குகளில் அரசுக்கு இது அவ்வளவு சிரமமில்லை. ஆணையைப் பெற்றுக்கொண்ட கையெழுத்தே உங்களுக்குத் தெரியும் என்று பேசும்.

குடியேற்றச் சட்டத்தில் விளைவு இன்னும் கடுமை. துப்பாக்கி வாங்கியது, விற்றது, வைத்திருந்தது தொடர்பான குற்றத்தில் தண்டனை ஆகிவிட்டால், கிரீன் கார்டு உள்ளவரும் நாடு கடத்தத் தக்கவர். அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மிரட்டல், தொடர் தொல்லை, உடல் காயம் ஆகியவற்றிலிருந்து காக்கும் பகுதியை மீறினார் என்று ஆணை வழங்கிய நீதிமன்றம் முடிவு செய்தாலே போதும், கிரிமினல் தண்டனைகூட வேண்டாம், நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கலாம். 'மோசமான ஃபெலனி' என்ற தனிப் பட்டியலில் சேர்ந்தால் கிட்டத்தட்ட எல்லா நிவாரணமும் போய்விடும். விசாக்காரர்களுக்கான 922(ஜி)(5) அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆணைக்கான 922(ஜி)(8) இல்லை. எந்தப் பிரிவில் ஒப்புக்கொள்கிறீர்கள் என்பது இந்த ஓர் இலக்க வித்தியாசத்தால் பெரிதாகிவிடுகிறது. அதனால் கிரிமினல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் சேர்த்து வைத்துக்கொண்டபிறகே எதையும் ஒப்புக்கொள்ளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று வக்கீல் சொல்லியே ஆகவேண்டும் என்பது 2010-இன் 'படியா' என்ற வழக்கிலிருந்து உங்கள் உரிமை.

ஃபீனிக்ஸ் வாசகர்: அடகுக் கடையில் இருக்கும் என் சொந்தத் துப்பாக்கியை மீட்பதும் 'வாங்குவது' ஆகுமா? ஏர் கன், உதிரி பாகம்?

அடகை மீட்பதற்கும் 4473 படிவமும் சோதனையும் உண்டு. அங்கே பொய் சொன்னாலும் அதே குற்றம் என்று 1974-இலேயே ஹடல்ஸ்டன் வழக்கில் முடிவாகிவிட்டது. அதுவும் அடகு வைத்த ரைஃபிள்களை மீட்ட கதைதான்.

உதிரி பாகங்களில் குழல் மட்டும் இருந்தால் அது துப்பாக்கி அல்ல, 'ரிசீவர்' என்கிற உடல் பாகம் தனியாக இருந்தாலும் துப்பாக்கி. சத்தம் அடக்கும் சைலன்சரும் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி. வீட்டில் பொருத்திக்கொள்ளும் 'கிட்' வாங்கித் தப்பலாம் என்பதற்கும் 2025 மார்ச்சில் வான்டர்ஸ்டாக் தீர்ப்பு பதில் சொல்லிவிட்டது: அவற்றில் சிலவற்றையேனும் ஏ.டி.எஃப். துப்பாக்கியாக ஒழுங்குபடுத்தலாம். ஏர் கன் ஃபெடரல் கணக்கில் வராது. ஆனால் நியூ ஜெர்சியில் ஏர் கன்னும் துப்பாக்கிதான், அதை வாங்கவும் கார்டு வேண்டும்.

டாம்பா வாசகி: கணவர் மன அழுத்தத்தில் இருந்தபோது போலீஸ் 'ரெட் ஃப்ளாக்' ஆணை, அதாவது ஆபத்து வரலாம் என்று துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கும் ஆணை வாங்கியது. வன்முறை எதுவும் இல்லை. இதுவும் அதே 15 ஆண்டா?

இல்லை. 922(ஜி)(8) துணைக்கும் பிள்ளைக்கும் எதிரான ஆபத்தைப் பற்றியது, ரெட் ஃப்ளாக் ஆணை அதில் வராது. ஆனால் பார்க்லண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2018-இல் வந்த ஃப்ளோரிடா சட்டத்தில், அந்த ஆணை இருப்பது தெரிந்தே துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கினாலும் வைத்திருந்தாலும் மூன்றாம் நிலை ஃபெலனி: 5 ஆண்டு வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். கடையில் சோதனை செய்யும்போது மாநிலத் தடையும் தெரியும் என்பதால் விற்பனை அங்கேயே நிற்கும். ஆணை ஒரு முறைக்கு அதிகம் போனால் 12 மாதம். ஃபெலனித் தண்டனை ஆகிவிட்டால், ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றம் என்ற கணக்கில் 922(ஜி)(1) வந்து ஒட்டும். அதற்கு முடிவு தேதி கிடையாது. 12 மாதம் பொறுத்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய தடை, ஒரு வாங்கலால் ஆயுள் முழுக்க நீளும்.

சிகாகோ வாசகர்: முதல் முறை குற்றம் என்றால் 15 ஆண்டும் கொடுப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. தண்டனைக் கணக்கீட்டு நெறியில் தடை உள்ளவருக்கு அடிப்படை 14 புள்ளி. முன் குற்றமில்லாதவருக்கு அது 15 முதல் 21 மாதம். பொறுப்பேற்று ஒப்புக்கொண்டால் 12-க்கு இறங்கி 10 முதல் 16 மாதம். பெரிய மேகசின் ஏற்கும் அரைத் தானியங்கித் துப்பாக்கி என்றால் ஆரம்பமே 20, அதாவது 33 முதல் 41 மாதம். நீதிபதி இதற்கு மேலும் போகலாம், கீழும் போகலாம். ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை குறையும். வெளியே வந்ததும் மூன்றாண்டு வரை கண்காணிப்பு.

பாளையங்கோட்டை வாசகர்: நம் நாட்டில் இப்படி ஏதும் உண்டா?

உண்டு. 1959 ஆயுதச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, அமைதி காப்பேன், நன்னடத்தையோடு இருப்பேன் என்று பிணைப் பத்திரம் எழுதித்தர உத்தரவிடப்பட்டவர் அந்தக் காலம் முழுதும் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் இங்கே லைசென்ஸ் இல்லாமல் கடைப் படியே ஏற முடியாது என்பதால், பிரச்சினை லைசென்ஸ் ரத்தில்தான் பெரும்பாலும் முடிகிறது.

எடிசன் வாசகர்: என் மேல் நியூ ஜெர்சியில் ஆணை வந்து எட்டு வருடம் ஆயிற்று. ஆணை வாங்கியவர் வேறு மாநிலம் போய்விட்டார். இப்போது வாங்கலாமா? வேறு ஊரில் ஆணை ரத்தான என் நண்பருக்கும் கடையில் மறுக்கிறார்களே, ஏன்?

நியூ ஜெர்சியின் இறுதி ஆணைக்குக் காலாவதி இல்லை. எட்டு வருடமானாலும் இருபது வருடமானாலும் நீதிமன்றம் ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும். அதற்குள் வாங்கினால் மாநிலச் சட்டத்தில் மூன்றாம் நிலைக் குற்றம், 3 முதல் 5 ஆண்டு. ரத்து கேட்டுப் போடுவதைக் கார்ஃபேக்னோ மனு என்பார்கள். 1995-இன் அந்த வழக்கு 11 அம்சங்களை வகுத்தது: பாதிக்கப்பட்டவரின் சம்மதம், அவருடைய பயம், இப்போது இருவருக்கும் உள்ள உறவு, ஆணையை மீறிய வரலாறு, குடிப்பழக்கம், கவுன்சலிங் போனது என்று நீளும் பட்டியல் அது. 'எனக்குத் துப்பாக்கி வேண்டும்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ரத்தானாலும், வீட்டு வன்முறைச் சட்டத்தில் பறிமுதலான துப்பாக்கி திரும்பித் தரப்படாமல் இருந்தால் மாநிலத்தின் வாங்குபவர் கார்டு கிடைக்காது. அந்தச் சண்டையில் தாக்குதல் வழக்கில் தண்டனையும் ஆகியிருந்தால், ஆணை போனாலும் 1996-இன் லாட்டன்பெர்க் திருத்தத்தின் தடை அப்படியே நிற்கும்.

உங்கள் நண்பர் விஷயம் வேறு. ஆணை ரத்தானதை நீதிமன்றம் போலீஸ் பதிவுக்கு அனுப்பியிருக்காது, அல்லது அங்கே யாரும் நீக்கியிருக்கமாட்டார்கள். அவர் முதலில் ரத்து உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்கட்டும். கடைக்காரரிடம் அந்தச் சோதனையின் என்.டி.என். எண்ணைக் கேட்டு வைத்துக்கொண்டு, மறுப்புக்குக் காரணம் கேட்டு எஃப்.பி.ஐ.-க்கு எழுதலாம். காரணம் தெரிந்ததும் நகலோடு மேல்முறையீடு. வென்ற பிறகும் ஒவ்வொரு முறையும் இதே வம்பு வராமலிருக்க, எஃப்.பி.ஐ. தன் விவரங்களை வைத்துக்கொள்ளச் சம்மதம் தரும் விருப்பக் கோப்பில் பதிந்து யூ.பி.ஐ.என். என்ற தனி எண் வாங்கிக்கொள்ளலாம். அதை எழுத 4473 படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது.